பனியின் மேல் தூங்கும் மடிக்கணினி

ஒன்பது நாட்களில் நான்கு முறை டானிட்டா லாஃபர்ட்டியின் புது மடிக்கணினி தானாகத் தூங்கிப்போனது. நான்கு முறையும் உறைந்த ஏரியின் மேல். கரையிலிருந்த முகாமுக்குள் ஒரு தடவைகூட இல்லை.

செத்துப்போனது என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. மின்கலம் தீர்ந்து அணையும் கணினி மறுபடி ஆதியிலிருந்து தொடங்கும். திறந்து வைத்ததெல்லாம் போயிருக்கும். இது அப்படியில்லை. திரை கறுக்கும். ஓரத்திலுள்ள சின்ன வெள்ளை விளக்கு மூச்சு விடுவதுபோல மெல்ல எரிந்து மெல்ல அடங்கும். பொத்தானை அழுத்தினால் விட்ட வரியில், விட்ட எழுத்தில் கண்ணைத் திறக்கும். அதாவது அதன் உடம்புக்கு ஒன்றுமில்லை. யாரோ 'தூங்கு' என்று சொல்லியிருக்கிறார்கள்; அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. சொன்னது யார்?

விற்ற கடைக்காரர் குளிர்தான் காரணம் என்று மின்னஞ்சலில் எழுதினார். டானிட்டா ஓடிக்கொண்டிருந்த கணினியை முகாம் வாசலில் ஒரு பலகைமேல் வைத்துவிட்டு ஒரு மணிநேரம் தள்ளி நின்றாள். உறைநிலைக்கு முப்பது டிகிரி கீழே. திரையில் படங்கள் தேன் வழிகிற வேகத்தில் நகர்ந்தன, ஆனால் தூங்கவில்லை. குலுக்கலாக இருக்குமோ என்று வண்டியின் இருக்கையில் அதைப் பட்டை போட்டுக் கட்டி, டார்சியை முகாமைச் சுற்றி இருபது சுற்று ஓட்டச் சொன்னாள். தூங்கவில்லை. ஐஸை அளக்கும் ரேடாரிலிருந்து வரும் கம்பியைச் செருகி, பிடுங்கி, வளைத்து, முறுக்கிப் பார்த்தாள். தூங்கவில்லை. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்ததும் நின்றுபோகிற பல்வலி மாதிரி.

"ஏரிக்குத் தன்ன யாராவது வேவு பாத்தா பிடிக்கல போலக்கா," என்றான் டார்சி மாண்ட்லா. அவன் அவளுடைய சித்தி மகன், அவளைவிட ஒரு வயது சின்னவன், ஆறு குளிர்காலமாக அவளுக்கு வண்டி ஓட்டுபவன். "இல்லன்னா ராத்திரியெல்லாம் அத்தானோட கேம் ஆடி அதுக்குத் தூக்கம் கெட்டுப்போச்சு. பகல்ல கண்ணசருது."

"ராத்திரியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஏழுலேர்ந்து எட்டரை."

"அதான் சொல்றேன். கல்யாணம் ஆனவங்களுக்கு அது ராத்திரிதான்."

முதல் மூன்று முறை அவளும் சேர்ந்து சிரித்தாள். நான்காவது முறைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்ல, அவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஜனவரி பிறந்ததும் வட கனடாவின் யெல்லோநைஃப் நகருக்கு வடக்கே ஏரிகளின் மேலேயே சாலை போடுவார்கள். அந்தச் சாலையில்தான் சுரங்கங்களுக்கு ஆண்டு முழுவதற்குமான எரிபொருள் போகும். லாரிகள் இறங்குவதற்கு முன்னால், ஐஸ் எங்கே எவ்வளவு தடிமன் என்று யாராவது அளந்து சொல்ல வேண்டும். சக்கரத்துக்குப் பதில் ரப்பர்ப் பட்டை மாட்டிய இரண்டிருக்கை வண்டி. அதன் மூக்கிலிருந்து ஐந்து மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பு நீண்டிருக்கும். கம்பின் நுனியில் பனிமேல் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு ரேடார் பெட்டி. பெட்டி கீழ்நோக்கி ஒரு துடிப்பை அனுப்பும். ஐஸ் முடிந்து தண்ணீர் தொடங்குகிற இடத்தில் துடிப்பு மோதித் திரும்பும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரே ஒரு பங்கில் அது ஐஸுக்குள் பதினேழு சென்டிமீட்டர் போகும். போய்த் திரும்ப நான்கு பங்கு நேரம் ஆனால், போக இரண்டு, வர இரண்டு. ஆக ஐஸ் முப்பத்திநான்கு சென்டிமீட்டர். இந்தக் கணக்கை விடாமல் போட்டு, நிலத்தை வெட்டிக் காட்டுவதுபோல அடிப்பரப்பை வரைந்து காட்டுவது டானிட்டாவின் மடியில் இருக்கும் கணினி. அவள் எண்ணைப் படிப்பாள். டார்சி அந்தக் குரலை நம்பி ஓட்டுவான்.

ஐஸின் தடிமன் பாதியானால் அது தாங்கும் எடை பாதியாவதில்லை, கால்பங்காகும். அவர்கள் இருவர், வண்டி, கருவிகள் எல்லாம் சேர்த்து ஒன்றரை டன். முப்பதுக்குக் கீழே வந்தால் நில், இருபத்தைந்தென்றால் திரும்பு என்பது கம்பெனி விதி. நான்காவது முறை கணினி பன்னிரண்டு நொடி தூங்கியது. அந்தப் பன்னிரண்டு நொடியில் வண்டி இருபத்தைந்து மீட்டருக்கு மேல் போயிருந்தது. திரை திரும்பி வந்தபோது அதில் இருந்த எண் இருபத்திமூன்று. அதற்குப் பிறகு அது முப்பத்தைந்துக்கு ஏறிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் அந்த எண் டானிட்டாவை விடவில்லை. மூஸ் மான் கறிக்குழம்பு எதிரில் ஆறிக்கொண்டிருக்கும். அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அந்த இருபத்திமூன்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த எண் பத்தொன்பதாக இருந்திருந்தால்?

இதை அவள் மேலாளர் மோரீனிடம் சொல்லவில்லை. ஏனென்றால் இந்தக் கணினியைத் தேர்ந்தெடுத்தது அவளேதான்.

பழைய ரேடார்த் திரைப்பெட்டி நான்கு கிலோ. போன குளிர்காலத்தோடு அதற்கு வயதாகிவிட்டது. "உன் கண்ணு அது. நீயே பாத்து வாங்கிக்க," என்றிருந்தாள் மோரீன். "வேலை செய்யலேன்னா எங்கிட்ட வந்து நிக்காத."

மூன்று வாரம் டானிட்டா சமையலறை மேசையில் உட்கார்ந்து அலசினாள். அந்த அலசல் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அவளுக்கு வேண்டியவை மூன்று. ஒன்று, ரேடார்ப் படத்தைத் திணறாமல் வரைய வேண்டும். இரண்டு, மாலையில் ரெமியோடு இணையத்தில் கணினி விளையாட்டு ஆட வேண்டும். கணவன் ரெமி வைரச் சுரங்கத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். இவள் முகாமில் இருக்கும் மாதங்களில் அவன் வீட்டிலிருக்கும் நாளும் இவளுக்கு வாய்ப்பதில்லை. ஆட்டத்தில் இருவரும் ஒரு தீவு முழுக்க ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாலம் எங்கே, நிலையம் எங்கே என்று சண்டைபோட்டபடியே அன்றைய நாளைப் பேசிமுடிப்பார்கள். அந்த ஒன்றரை மணிநேரம்தான் அவர்கள் குடும்பம் நடத்துகிற நேரம். மூன்றாவது, எடை. முகாமுக்கு வரும் சிறிய விமானத்தில் ஆளுக்கு ஒரே பை, பதினோரு கிலோ.

மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்க மறுக்கும். படம் வரைவதற்குப் பலம் கூடினால் சூடு கூடும். சூட்டை வெளியே தள்ள விசிறியும் செம்பும் வேண்டும், செம்பு கனக்கும். பதினாறு அங்குலத் திரை கொண்ட ஆட்டக்காரர்களின் கணினி இரண்டரைக் கிலோ, மின்னூட்டி மட்டும் செங்கல் மாதிரி இன்னொரு கிலோ. அலுவலகத்தார் தூக்கித் திரியும் மெல்லிய கணினி ஒரு கிலோதான், ஆனால் ரேடார்ப் படத்தைப் போட்டதும் மூச்சு வாங்கும். கடைசியில் அவள் எடுத்தது நடுவில் நிற்பது. பதினான்கு அங்குலம், ஒன்றே முக்கால் கிலோ, படம் வரைய என்றே தனிச் சில்லு, தாள்போல மெல்லிய உடம்பு. பிடிக்காவிட்டால் பதினைந்து நாட்களுக்குள் திருப்பி அனுப்பலாம் என்பதையும் பார்த்துவைத்துக்கொண்டாள்.

நாளை வியாழக்கிழமை விமானம் வரும். பதினைந்தாவது நாளும் அதுவே. நாளை இதை அதில் ஏற்றிவிட்டு, மோரீனிடம் சொல்லி, பழைய நான்கு கிலோப் பெட்டியையே கேட்டுவாங்கிக்கொள்வது என்று டானிட்டா முடிவுசெய்திருந்தாள். நடுவில் இன்று ஒரு நாள் இருந்தது. இன்றைய வேலை இடுக்கு. இரண்டு மலைமுனைகளுக்கு நடுவே ஏரி ஒடுங்குகிற இடம். ஐஸுக்கு அடியில் நீரோட்டம் உண்டு, ஓடுகிற தண்ணீர் ஐஸை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும்.

காலை பத்தரைக்கு, வெளிச்சம் வந்ததும், இருவரும் கரையில் வண்டியின் இரண்டு கதவுகளையும் கழற்றிப் பனியில் சாய்த்து வைத்தார்கள். ஏரிமேல் கதவோடு யாரும் போவதில்லை. வண்டி கீழே போனால் தண்ணீர் வெளியிலிருந்து கதவை அழுத்தும். பத்துப் பேர் தள்ளினாலும் திறக்காது. இருக்கைப்பட்டையும் போடுவதில்லை. கதவில்லாததால் வண்டிக்குள் சூட்டுக்காற்று இருந்தும் இல்லாத மாதிரிதான். இருவரும் ஆரஞ்சு நிற மிதவை உடுப்புகளுக்குள் புகுந்து கழுத்துவரை இழுத்து மூடினார்கள். ஏரிமேல் மட்டும் போடுகிற உடுப்பு அது.

டார்சியின் கையுறைகள் சிவப்புக் கம்பளிக் கயிற்றில் அவன் கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் தொங்கின.

"பால்வாடிக்குக் கெளம்பிட்டியா?" என்றாள் டானிட்டா. பேச்சு நடந்துகொண்டிருந்தால் அந்த இருபத்திமூன்று கொஞ்சம் தள்ளி நின்றது.

"எங்கம்மா பின்னினது. இதுக்கு மேல ஒரு டெக்னாலஜி கெடையாது." அவன் இறங்குமிடத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "அக்கா. இன்னிக்கே மோரீன்கிட்டச் சொல்லிடு. இடுக்க நாளன்னிக்குப் பாப்போம்."

"நாளைக்குச் சொல்றேன்."

"நாலு தடவ ஆச்சு."

"எனக்கு எண்ணத் தெரியும்டா. மெதுவாப் போவோம். திரை போச்சுன்னா அந்த நொடியே நிப்பாட்டு."

"நீ சொன்னாத்தானே நான் நிப்பாட்ட முடியும்."

"சொல்றேன்."

அவர்கள் இறங்கினார்கள்.

முதல் ஒரு மணிநேரம் எதுவும் நடக்கவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திமூன்று, நாற்பது. ஏரி அவ்வப்போது அடிவயிற்றிலிருந்து முனகியது. தடித்த ஐஸ் குளிரில் சுருங்கும்போது அப்படித்தான் முனகும். அதைக் கேட்டால் அவர்களுக்கு நிம்மதி. இடுக்கின் வாய்க்குள் நுழைந்த பிறகு முனகல் நின்றுவிட்டது. டானிட்டா அதைக் கவனித்தாள், டார்சியும் கவனித்தான்.

"முப்பத்தெட்டு," என்றாள். "முப்பத்தேழு. முப்பத்தஞ்சு. ஒரு வெடிப்பு வருது, அத எழுதிக்கிறேன். போய்ட்டே இரு."

எப்போதாவது வெடிப்பு வந்தால்தான் எழுதுவாள்; எழுத இரண்டு கையும் வேண்டும். கையுறைகளைக் கழற்றித் தொடைக்கடியில் சொருகிக்கொண்டு, மடியிலிருந்த பலகைமேல் இரண்டு மணிக்கட்டையும் வைத்துத் தட்டத் தொடங்கினாள். 'கிழக்கு மேற்காக வெடிப்பு' என்பதில் பாதியில் திரை கறுத்தது.

நில் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் வாயில் வந்தது வேறு.

"ஒரு செகண்ட். வந்துரும்."

பொத்தானை அழுத்தினாள். திரை வந்தது, ஒரு கண் சிமிட்டலில் மறுபடி கறுத்தது. மறுபடி அழுத்தினாள். வந்தது, கறுத்தது. கணினி கீழே விழுந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, கட்டைவிரலால் பொத்தானைத் தேடித் தேடி அழுத்தினாள். வந்தது, கறுத்தது.

"அக்கா?"

"வருது, வருது."

அப்போது சத்தம் மாறியது. இதுவரை ரப்பர்ப் பட்டைகள் உலர்ந்த பனியை மிதித்து மொறுமொறுவென்று வந்துகொண்டிருந்தன. இப்போது அந்த மொறுமொறுப்பு இல்லை. ஈரச் சோற்றை மிதிக்கிற மாதிரி ஒரு சத்தம். டார்சி, அவள் சொல்லாமலே, வண்டியை நிறுத்தினான்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் அவர்கள் வந்த தடம் வெள்ளையாக இல்லை. இரண்டு கோடுகளும் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அறுபது மீட்டர் நீளத்துக்கு அப்படி.

"பின்னால போக முடியாது," என்றான் டார்சி மெதுவாக. உரக்கப் பேசினால் ஐஸ் உடைந்துவிடும் என்பதுபோல. "அது ஒருதரம் தாங்கி வெடிச்சிருக்கு. ரெண்டாந்தரம் தாங்காது."

முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. நிற்கவும் முடியாது. ஓடுகிற வண்டியைத் தாங்குகிற ஐஸ், நிற்கிற வண்டியின் கீழே மெல்ல மெல்ல வளையும், வளைந்து கிண்ணமாகும், அந்தக் கிண்ணத்தில் வெடிப்புகளின் வழியாகத் தண்ணீர் ஊறும், ஊறிய தண்ணீரின் கனமும் சேர்ந்து இன்னும் வளைக்கும். எத்தனை நிமிடம் என்பது ஐஸின் தடிமனைப் பொறுத்தது. அந்தத் தடிமனைச் சொல்ல வேண்டிய பெட்டி அவள் கைகளுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

டானிட்டா அதை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அழுத்தினாள். வந்தது, கறுத்தது. அழுத்தினாள். கறுத்தது.

"இங்க குடு," என்றான் டார்சி.

"உனக்கு இதத் தெரியாது."

"பட்டன அழுத்தத் தெரியும். குடுக்கா."

அவள் நீட்டினாள். அவன் தன் கையுறைகளைக் கழற்றினான். அவை கம்பளிக் கயிற்றில் விழுந்து ஆடின. கணினியைத் தன் மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். திரை வந்தது. அப்படியே நின்றது. ஐந்து நொடி. பத்து நொடி. கம்பின் நுனியில் இருந்த பெட்டி தனக்குக் கீழேயுள்ள ஐஸை வரைந்து காட்டியது. இருபத்தொன்று.

"ஓடுதே," என்றான். "இருபத்தொண்ணு. கடவுளே. இந்தா, நீயே படி, எனக்கு இந்தக் கோடெல்லாம் புரியாது."

அவள் வாங்கி மடியில் வைத்தாள். திரை கறுத்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"என்னக்கா, உன்னக் கண்டா பயந்து கண்ண மூடிக்குது?"

அவன் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நாக்கு பழக்கத்தில் சொன்னது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்குள் பயத்தின் நடுவிலேயே ஒரு சின்ன அறை காலியானது. உன்னைக் கண்டால். வாசலில் பலகைமேல் வைத்தபோது அவள் தள்ளி நின்றாள். இருக்கையில் கட்டி ஓட்டியபோது யாரும் தொடவில்லை. முகாமில் ஆடும்போது வெறும் சட்டை; கையும் மவுஸ்மேல். தூங்கிய ஐந்து தடவையும் அவள் இரண்டு கையாலும் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த உடுப்போடு.

கணினியைப் பலகைமேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினாள். வலது கை நீட்டி ஒரு விரலால் பொத்தானை அழுத்தினாள். திரை வந்தது. நின்றது. வலது மணிக்கட்டைக் கீழே வைத்தாள். நின்றது. இடது மணிக்கட்டை மெல்ல இறக்கினாள். தொடுவதற்கு இரண்டு விரற்கடை இருக்கும்போதே கறுத்தது. தூக்கி, அழுத்தினாள். வந்தது. இறக்கினாள். கறுத்தது.

"டார்சி, கத்தி."

அவன் ஏன் என்று கேட்கவில்லை.

அந்த ஊரில் ஏரிமேல் போகிறவர் யாரும் கையுறையைக் கீழே வைக்கமாட்டார். வைத்தால் காற்று கொண்டுபோகும். கையுறை போனால் விரல் போகும். ஆகவே எல்லோரும் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டுவார்கள். போன மார்ச்சில் ஐஸில் துளை போடும்போது டானிட்டாவின் கயிறு துளைக்கருவியில் சுற்றி அவள் கழுத்தை இழுத்துவிட்டது. இலையுதிர்காலத்தில் அவள் கயிற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, மிதவை உடுப்பின் இரண்டு கைகளிலும், நாடி பார்க்கிற இடத்தில், காசளவு காந்தம் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தாள். கையுறையின் வாயில் ஒரு இரும்பு வளையம். கழற்றினால் மணிக்கட்டிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கும்; எழுதும்போது மட்டும் பிடுங்கித் தொடைக்கடியில் வைப்பாள். நல்ல யோசனைதான். ஊரில் இரண்டு பேர் பார்த்துத் தாங்களும் தைத்துக்கொண்டார்கள்.

கத்தி நுனியால் இடது கைத் தையலை அறுத்தாள். காந்தம் உள்ளங்கையில் விழுந்தது. அதைக் காலடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் ஒட்டினாள். வலதையும் அறுத்தாள். பிறகு இரண்டு மணிக்கட்டையும் கணினிமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

திரை வந்தது. அங்கேயே இருந்தது.

"எறங்கு," என்றாள். "நீ மட்டும் எறங்கு. வண்டிய விட்டுத் தள்ளிப் போய்க் கம்போட கயித்தப் பிடி. மெதுவா இடப்பக்கம் இழு. நான் நம்பர் சொல்றேன்."

கம்பு வண்டியின் மூக்கில் ஒரு கீலில் மாட்டியிருந்தது. முன்னால் ஆள் நின்று அதன் நுனிக் கயிற்றை இழுத்தால் இரு பக்கமும் திரும்பும். டார்சி இறங்கினான். அவன் காலடியில் தண்ணீர் பூட்ஸின் கணுக்கால்வரை வந்தது. குனிந்து, எடையைப் பரப்பி, வாத்து நடப்பதுபோல நடந்து கயிற்றைப் பிடித்தான். கண் தெரியாதவர் கைக்கோலால் தரையைத் தடவிப் பார்ப்பதுபோல, ரேடார் பெட்டி ஒரு வட்டக்கீற்றாக நகர்ந்தது.

"இருபத்தொண்ணு," என்று படித்தாள். "இருபது. பத்தொம்பது. நிப்பாட்டு, அந்தப் பக்கம் வேண்டாம். வலப்பக்கம் கொண்டா. இருபது. இருபத்திரெண்டு. இன்னும். இருபத்திநாலு. இன்னும் இழு. இருபத்தேழு. நில்லு. அங்கதான். மேற்கே, மலைமுனையப் பாத்து."

"ஏறட்டுமா?"

"வேண்டாம். நீ கயித்தப் பிடிச்சு முன்னால நட. நான் ஓட்டுறேன். நாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல கனக்க வேண்டாம்."

ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, கணினியை முன்பலகையில் நிறுத்தி, நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்தினாள். கீழே ஏதோ நெகிழ்ந்து கொடுத்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்தது. இருபத்தேழு. இருபத்தாறு. இருபத்தெட்டு. முப்பத்தொன்று. முப்பத்தைந்து. பட்டைகளின் கீழே மொறுமொறுப்பு திரும்பி வந்தது. நாற்பதில் ஏரி எங்கோ தொலைவில் ஒருமுறை நன்றாக முனகியது. டார்சி கயிற்றை விட்டுவிட்டுப் பனியில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

கரையேறியதும் டார்சி பூட்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்துக்கொண்டே செயற்கைக்கோள் தொலைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் மோரீனை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மோரீன் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அஞ்சு தடவையா?"

"அஞ்சு."

"உள்ள விழுந்தப்பறம் சொல்லலாம்னு இருந்தியா?"

"என் தப்புதான்."

"டார்சி கால் எப்படி இருக்கு?"

"வெரல் செவந்திருக்கு. உணர்ச்சி இருக்கு."

"சரி. அவன சூட்டுல உக்காத்தி வை. உன்கிட்ட அப்பறம் பேசிக்கிறேன். உன்ன மாதிரி காந்தம் தச்சவங்க இன்னும் ரெண்டு பேர்னு சொன்னல்ல? அவங்களும் லேப்டாப்போடதான் ஐஸ் மேல சுத்துறாங்க. காரணம் என்ன, என்ன செஞ்சா சரியாகும், சோதிச்சுப் பாத்துட்டு எல்லாருக்கும் எழுதி அனுப்பு. இன்னிக்கே."

முகாம் மேசையில், டார்சி வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு பார்த்திருக்க, அவள் அறுத்தெடுத்த காந்தத்தைக் கணினிமேல் ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தினாள். விசைப்பலகைக்குக் கீழே, இடது மணிக்கட்டு அமரும் பகுதியில், காசளவு ஒரே ஒரு இடத்தில் மட்டும் திரை கறுத்தது. இருபது தடவை வைத்தாள். இருபது தடவையும் கறுத்தது. பிறகு அமைப்புகளுக்குள் போய் ஒரு வரியை மாற்றிவிட்டு அதே இடத்தில் இருபது தடவை வைத்தாள். ஒரு தடவையும் கறுக்கவில்லை.

"அப்ப நாளைக்கு ப்ளேன்ல ஏத்தலயா?" என்றான் டார்சி.

"இல்ல. இதுமேல தப்பில்ல."

அவள் எழுதி அனுப்பியது இது:

'மெல்லிய மடிக்கணினிகளில் மூடியைப் பிடிக்கக் கொக்கி கிடையாது. மூடியின் விளிம்பில் ஒரு சின்னக் காந்தமும், மணிக்கட்டு அமரும் இடத்துக்கு அடியில் அந்தக் காந்தத்தை உணரும் ஒரு சில்லும் இருக்கின்றன. காந்தம் அருகில் வந்தால் மூடி மூடப்பட்டது என்று எடுத்துக்கொண்டு கணினி தூங்கிவிடும். என் உடுப்பின் கையில் தைத்த காந்தமும் அதற்கு மூடிதான். பத்து நாளில் ஐந்து முறை இப்படி ஆனது. முதல் முறையே நான் சொல்லியிருக்க வேண்டும். குளிரோ மின்கலமோ காரணம் இல்லை. செய்ய வேண்டியவை: உடுப்பின் கையிலிருந்து காந்தத்தை அறுத்தெடுங்கள், கையுறையைக் கயிற்றில் கட்டுங்கள். கணினியின் மின்சார அமைப்பில் "மூடியை மூடினால்" என்ற வரிக்கு எதிரே "எதுவும் செய்யாதே" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் திரை தானாகக் கறுக்காது. அப்படியும் கறுத்தால், அந்த நொடியே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.'